ஜேசன் ஹோர்ன்-ஃபிரான்சிஸும் ஏஎஃப்எல் டிராஃப்ட் முறையும்: ஓர் எளிய அறிமுகம்

2022 அக்டோபரில் ஆஸ்திரேலியக் கால்பந்து உலகம் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அவர் பெயர் ஜேசன் ஹோர்ன்-ஃபிரான்சிஸ். அதற்கு முந்தைய ஆண்டு நாடு முழுவதிலும் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் வீரர்களில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர். தன்னைத் தேர்ந்தெடுத்த நார்த் மெல்போர்ன் அணிக்காக ஒரே ஒரு பருவம், அதாவது 17 ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு, ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு மீதம் இருக்கும்போதே சொந்த ஊரான அடிலெய்டுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டார். கேட்டது கிடைத்தது. ஆனால் அதன்பின் பல மைதானங்களில் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எதிரணி ரசிகர்கள் கூச்சலிட்டு இகழத் தொடங்கினார்கள்.

ஓர் இளைஞர் ஊர் திரும்ப விரும்பியதில் இவ்வளவு கோபத்துக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி, இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு இயல்பாகவே எழும். அதற்கு விடை அந்த நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஎஃப்எல் தன் வீரர்களை அணிகளுக்குப் பங்கிடும் முறையில் இருக்கிறது. டிராஃப்ட் எனப்படும் அந்த முறையைப் புரிந்துகொள்ள ஹோர்ன்-ஃபிரான்சிஸின் முதல் சில ஆண்டுகளைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாம் கால்பந்து என்று சொல்வதற்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. நீள்வட்ட மைதானத்தில் ஓர் அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடுவார்கள். பந்தும் முட்டை வடிவில் இருக்கும். அதைக் காலால் உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம். ஆனால் எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளிகள், ஓரத்துக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவர் பந்தை மைதானத்தின் மையத்தில் மேலே எழச் செய்வார் (2025 வரை அதைத் தரையில் அறைந்து எழச் செய்தார்கள்). இரு அணிகளின் நெட்டையான வீரர்கள் அதை நோக்கித் தாவுவார்கள். அவர்கள் தட்டிவிடும் பந்து விழும் இடத்தில் ஆறு பேர் தோளோடு தோள் முட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த நெரிசலுக்குள் குனிந்து பந்தை எடுத்து, தன்னைப் பிடித்த கைகளை உதறிக்கொண்டு நான்கே எட்டில் வெட்டவெளிக்கு வந்துவிடக் கூடியவர் பதினெட்டு வயதில் கிடைப்பது அபூர்வம். ஹோர்ன்-ஃபிரான்சிஸ் அப்படிப்பட்டவராக இருந்ததால்தான் அவர் முதல் தேர்வானார்.

இனி டிராஃப்ட். ஏஎஃப்எல்லில் 18 அணிகள் இருக்கின்றன. அவற்றில் பத்து விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்தவை, பெரும்பாலும் மெல்போர்ன் நகரத்துக்குள்ளேயே இருப்பவை. விக்டோரிய மாநிலப் போட்டியாக மட்டும் இருந்த காலத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு வட்டாரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வட்டாரத்தில் வளர்ந்த பையன் அந்த அணிக்கே உரியவன். மற்ற மாநில வீரர்களைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். வளமான வட்டாரமும் பண பலமும் உள்ள அணிகள் மேலே நிற்க, மற்றவை ஆண்டுக்கணக்கில் கீழேயே கிடந்தன. இந்தச் சமமின்மையைக் குறைப்பதற்காக, வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு விதித்ததோடு, 1986-இல் டிராஃப்ட் முறையையும் கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படை விதி மிக எளியது: அந்த ஆண்டு புள்ளிப் பட்டியலில் கடைசியாக வந்த அணி, விண்ணப்பித்திருக்கும் இளைஞர்களில் முதலாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும்; கடைசிக்கு முந்தைய அணி இரண்டாவது ஆளை; இப்படியே மேலேறி, கோப்பையை வென்ற அணி சுற்றின் முடிவில் தேர்ந்தெடுக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பதினெட்டு வயது நிறைகிறவர்கள் விண்ணப்பிக்கலாம்.

நம் வாசகர்களுக்கு ஐபிஎல் ஏலம் பழக்கமானது என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஏலத்தில் பணம் பேசுகிறது. யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வீரர் போகிறார், ஆட்டமும் ஆண்டில் ஓரிரு மாதங்களில் முடிந்துவிடும். டிராஃப்டில் பணத்துக்கு இடமே இல்லை. முதலாண்டுச் சம்பளம் வீரர்கள் சங்கத்துக்கும் ஏஎஃப்எல்லுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின்படி முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். அணி தேர்ந்தெடுக்கும், வீரர் போவார். பெர்த்தில் பிறந்தவர் சிட்னிக்கு அழைக்கப்படலாம், டாஸ்மேனியப் பையன் பிரிஸ்பேனுக்கு அழைக்கப்படலாம். பள்ளி இறுதித் தேர்வு முடிந்த சில வாரங்களில், தான் விரும்பாத, சில வேளைகளில் பார்த்தேயிராத ஒரு நகரத்துக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அங்கே ஆண்டு முழுவதும் வாழ வேண்டும்.

அங்கிருந்து வெளியேறும் வழியும் குறுகலானது. ஹோர்ன்-ஃபிரான்சிஸ் தேர்வான காலத்தில் முதல் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கானது. அது முடிந்ததும் வீரர் விரும்பிய அணிக்குப் போய்விட முடியாது; தான் விரும்பும் அணியும் தன்னை வைத்திருக்கும் அணியும் ஒரு கைமாற்றுக்கு, அதாவது வீரரைக் கொடுத்து ஈடாக வேறொன்றைப் பெறும் பரிமாற்றத்துக்கு, உடன்பட வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் டிராஃப்டில் பெயரைக் கொடுத்து, யார் எடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டும். விரும்பிய அணிக்குத் தானாகப் போகும் சுதந்திரம் 2012-இல்தான் வந்தது. அதுவும் பொதுவாக ஓர் அணியில் எட்டுப் பருவங்கள் முடித்தவர்களுக்கு மட்டுமே. பதினெட்டு வயதில் உள்ளே வருகிறவருக்கு அது இருபத்தாறு வயதுச் சமாச்சாரம். எனவே ஓர் இளம் வீரரின் கையில் இருக்கும் பிடி ஒன்றே ஒன்று: ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லிக் காகிதம் வரும்போது கையெழுத்துப் போடாமல் இருப்பது.

ஹோர்ன்-ஃபிரான்சிஸ் 2003 ஜூனில் பிறந்தவர். அடிலெய்டின் தென்புறநகரான நோர்லுங்காவில் மைதானத்தைக் கொண்ட சவுத் அடிலெய்டு என்ற பழைய கிளப்பில் வளர்ந்தார். தெற்கு ஆஸ்திரேலிய மாநிலப் போட்டியில் அவர் தன் வயதுப் பையன்களுக்கான பிரிவைத் தாண்டி, 2021-இல் வளர்ந்த ஆண்களுக்கு எதிராக முதல்தர அணியில் ஆடினார். இருபத்தைந்து, முப்பது வயது உடல்களோடு மோதியும் பின்வாங்காத அந்த ஆட்டம்தான் தேர்வாளர்களை ஈர்த்தது. அவருடைய மாற்றுத் தந்தை ஃபேபியன் ஃபிரான்சிஸ், ஏஎஃப்எல்லில் போர்ட் அடிலெய்டு அணிக்காக ஆடியவர். அவரைச் சிறப்பிக்கும் விதமாகவே ஜேசன் தன் ஹோர்ன் என்ற குடும்பப் பெயரோடு ஃபிரான்சிஸையும் சேர்த்துக்கொண்டார். அடிலெய்டு நகரத்துக்கு அவர் வெறும் திறமையால் மட்டும் கட்டுண்டவராக இருக்கவில்லை என்பதை இதிலிருந்து உணரலாம். ஆனால் டிராஃப்டுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. 2021 பருவத்தில் நான்கே ஆட்டங்களை வென்று 18-ஆவது இடத்தில் முடித்திருந்த நார்த் மெல்போர்னிடம் முதல் தேர்வு இருந்தது. நவம்பரில் அது அவர் பெயரைச் சொன்னது.

அதே டிராஃப்டில் நான்காவதாக எடுக்கப்பட்டவர் நிக் டெய்காஸ். அவர் கதை இந்த முறையின் மறுபக்கத்தைக் காட்டுவதால் இங்கே சொல்லத்தக்கது. ஓர் அணிக்காகக் குறைந்தது நூறு ஆட்டங்கள் ஆடியவரின் மகனை, வேறு அணி அவர் பெயரைச் சொல்லும் இடத்துக்கு ஈடான தேர்வுகளைக் கொடுத்து, அந்த அணியே எடுத்துக்கொள்ள ஒரு விதி இடம் தருகிறது. நிக்கின் தந்தை பீட்டர் டெய்காஸ் காலிங்வுட் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். அண்ணன் ஜாஷ் ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருந்தார். எனவே நிக் தான் பிறந்து வளர்ந்த நகரத்தில், சிறுவயதிலிருந்து அறிந்த கிளப்பில், அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று ஆடத் தொடங்கினார். 2022-இல் அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரருக்கான விருதை வென்றார்; 2023-இல் காலிங்வுட்டோடு கோப்பையையும் வென்றார். டெய்காஸின் திறமை ஐயத்துக்கு இடமில்லாதது. ஆயினும் 2022 முழுவதும் பத்திரிகைகள் இந்த இருவரையும் அருகருகே நிறுத்தி அளந்தபோது, ஒருவர் வீட்டிலிருந்தும் மற்றவர் 700 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் ஆடினார்கள் என்பதற்குப் போதிய இடம் தரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

நார்த் மெல்போர்னின் 2022 பருவம் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஹோர்ன்-ஃபிரான்சிஸ் முதல் வாரத்திலேயே மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஹாதார்ன் அணிக்கு எதிராகக் களம் இறங்கினார். மூன்றாவது வாரத்தில் அவருடைய அணி பிரிஸ்பேனிடம் 108 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பிறகு வீரர்களிடம் தான் பேசிய கடுமையான முறைக்காகப் பயிற்சியாளர் டேவிட் நோபிள் பின்னர் அவர்களிடமே மன்னிப்புக் கேட்டார் என்ற செய்தி வெளியே வந்தது. ஜூலையில் நோபிள் பதவியிலிருந்து விலகினார். 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றியோடு அணி மறுபடியும் கடைசி இடத்தில் முடித்தது. ஒரு பத்தொன்பது வயதுக்காரர், வாரந்தோறும் தோற்கும் அணியில், தன்னை எடுத்த பயிற்சியாளரே பாதியில் போய்விட்ட நிலையில், எல்லார் கண்ணும் தன்மேல் இருக்க ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய முகபாவம், எரிச்சல், சக வீரர்களிடம் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் தொலைக்காட்சியில் அலசப்பட்டன. ஒப்பந்த நீட்டிப்பைப் பற்றிய பேச்சைப் பருவ முடிவுக்கு அவர் தள்ளிவைத்ததும், ஊருக்குத் திரும்பப் போகிறார் என்ற ஊகம் ஒவ்வொரு வாரமும் வலுத்தது.

இதற்கு ஆஸ்திரேலியாவில் தனியாக ஒரு வழக்குச் சொல்லே உண்டு. தமிழில் ஊர்த்தாகம் என்று சொல்லலாம். வேறு மாநில இளைஞர்களை எடுப்பதற்கு முன்பு ஒவ்வோர் அணியும் அவர்களுடைய குடும்பத்தைச் சந்தித்து, இவர் தங்குவாரா, ஊர்த்தாகம் எடுத்துக் கிளம்பிவிடுவாரா என்று கணிக்க முயல்கிறது. தவறாகக் கணித்தால் மிக அரிய ஒரு தேர்வு சில ஆண்டுகளில் கையைவிட்டுப் போய்விடும். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு உதவத்தான் முதல் தேர்வு தரப்படுகிறது. ஆனால் கடைசி இடத்தில் இருக்கும் அணிதான் ஓர் இளைஞருக்குத் தங்கத் தூண்டும் காரணங்களைக் குறைவாகத் தரக்கூடியது. டிராஃப்டின் உள்ளே இருக்கும் முரண் இது.

பருவம் முடிந்ததும் நான்கு முறை கோப்பை வென்ற பயிற்சியாளரான அலாஸ்டர் கிளார்க்சன் நார்த் மெல்போர்னுக்கு வந்துசேர்ந்திருந்தார். ஆயினும் ஹோர்ன்-ஃபிரான்சிஸ் போர்ட் அடிலெய்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். கைமாற்று ஒரு சிக்கலான கணக்காக முடிந்தது. ஏஎஃப்எல்லில் வீரர்களை மட்டுமல்லாமல் வரப்போகும் டிராஃப்டில் தேர்ந்தெடுக்கும் உரிமைகளையும் அணிகள் மாற்றிக்கொள்ளலாம். வெஸ்ட் கோஸ்ட், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஆகிய அணிகளும் சேர்ந்த நான்கு முனைப் பரிமாற்றத்தில், நார்த் மெல்போர்ன் ஹோர்ன்-ஃபிரான்சிஸையும் அந்த ஆண்டில் மறுபடி தனக்குக் கிடைத்த முதல் தேர்வையும் விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு முக்கியமாக இரண்டாவது, மூன்றாவது தேர்வுகளைப் பெற்றது. வெஸ்ட் கோஸ்ட் வீரர் ஜூனியர் ரியோலியும் அதே பரிமாற்றத்தில் போர்ட் அடிலெய்டு வந்தார்.

முதல் தேர்வானவர் முதல் அணியைவிட்டுப் போவது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2009-இன் முதல் தேர்வான டாம் ஸ்கலி, இரண்டு பருவங்களுக்குப் பிறகு மெல்போர்ன் அணியைவிட்டு, புதிதாகத் தொடங்கப்பட்ட கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போனார். அவரையும் மெல்போர்ன் ரசிகர்கள் எளிதில் மன்னிக்கவில்லை. 2013-இன் முதல் தேர்வு டாம் பாய்ட். மெல்போர்னில் வளர்ந்த அவர், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியில் ஒரே பருவத்தில் ஒன்பது ஆட்டங்கள் ஆடிவிட்டு வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குத் திரும்பினார். அங்கே கையெழுத்தான ஏழாண்டு ஒப்பந்தம் அவர்மேல் பெரும் எதிர்பார்ப்பைச் சுமத்தியது. 2016 இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்து, 1954-க்குப் பிறகு அந்த அணி வென்ற முதல் கோப்பைக்குத் துணைநின்றார். 2019-இல், இன்னும் இருபத்துமூன்று வயதே ஆகியிருக்கையில், ஓய்வு பெற்றார். மன அழுத்தத்தோடு தான் பட்ட பாட்டை வெளிப்படையாகப் பேசினார். தங்கியவர்களுக்கும் பாரம் குறைவாக இருந்ததில்லை. 2008-இன் முதல் தேர்வான ஜாக் வாட்ஸை மெல்போர்ன் அணி 2009-இல், அவர் பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்னரே, அரசியின் பிறந்தநாள் ஆட்டத்தில் பெருங்கூட்டத்தின் முன்னிலையில் இறக்கிவிட்டது. முதன்முறை பந்தை எடுத்த கணத்தில் காலிங்வுட் வீரர்கள் மூன்று நான்கு பேர் அவர்மேல் விழுந்து அமுக்கினார்கள். அந்தக் காட்சி அவருடைய ஆட்ட வாழ்வு முழுவதும் அவரை விடவில்லை.

நார்த் மெல்போர்ன் ரசிகர்களின் வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. ஆண்டுக்கு நான்கு வெற்றி, இரண்டு வெற்றி என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தத் துன்பத்துக்கு ஈடாகக் கிடைத்த ஒரே ஆறுதல் இந்த இளைஞர்தான். உறுப்பினர் கட்டணம் கட்டி, மழையில் நனைந்துகொண்டு, இவர் வளர்ந்து எழும்போது நாமும் எழுவோம் என்று நம்பியவர்கள் அவர்கள். அவர் போனபோது அது தங்களையே நிராகரித்ததாக அவர்களுக்குப் பட்டது. ஆயினும், அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மட்டுமே தேர்ந்தெடுத்தது என்பதை மறக்கக் கூடாது. அவர் நார்த் மெல்போர்னைத் தேடிப் போகவில்லை. தேர்வு செய்யப்பட்ட ஒருவர், விதிகள் அனுமதித்த வழியில், கிளப்பின் சம்மதத்தோடு வெளியேறினார். கிளப் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் 2023 முழுவதும் அவர் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவருடைய நடத்தையில் முதிர்ச்சி போதவில்லை என்று சொல்பவர்கள் அப்போது அவருக்கு வயது பத்தொன்பது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

2023-இல் போர்ட் அடிலெய்டு, நார்த் மெல்போர்னை ஹோபார்ட்டில் சந்தித்தது. அன்று அவர் பந்தை நெருங்கும்போதெல்லாம் எழுந்த கூச்சல், அவர் கையைவிட்டுப் பந்து போனதும் சட்டென்று அடங்கியது. மீண்டும் அவர் பக்கம் வந்ததும் கிளம்பியது. அதன்பின் நார்த் மெல்போர்னோடு தொடர்பே இல்லாத அணிகளின் ரசிகர்களும் அதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் ஆட்டம் மாறியிருந்தது. போர்ட் அடிலெய்டின் நடுக்களத்தில் கானர் ரோசி, சாக் பட்டர்ஸ் என்ற இரண்டு சிறந்த வீரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 2018 டிராஃப்டில் ஒன்றாக வந்தவர்கள். அவர்களுக்கு இடையில் மூன்றாமவராக நின்றபோது ஹோர்ன்-ஃபிரான்சிஸுக்கு எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அந்த ஆண்டு அணி தொடர்ந்து 13 ஆட்டங்களை வென்றது. 2024-இல் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. நாக்அவுட் சுற்றில் ஹாதார்னை மூன்றே புள்ளிகளில் வென்று அரையிறுதிக்கு நிகரான கட்டம்வரை சென்று, சிட்னியிடம் தோற்றது. எந்த அணியில், யாரோடு ஆடுகிறார் என்பது ஓர் இளம் வீரரின் வளர்ச்சியை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளையும் 2022-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

நார்த் மெல்போர்னும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2022 டிராஃப்டில் இரண்டாம் இடத்தில் அது சொன்ன பெயரான வில் ஆஷ்கிராஃப்டை, அவருடைய தந்தை ஆடிய பிரிஸ்பேன் அணி உரிமை கோரி எடுத்துக்கொண்டது. அதனால் தன் இரண்டு தேர்வுகளையும் மூன்றாவது, நான்காவது இடங்களில் பயன்படுத்தி ஹாரி ஷீசல், ஜார்ஜ் வார்ட்லா என்ற இரண்டு மெல்போர்ன் இளைஞர்களை நார்த் எடுத்தது. ஷீசல் தன் முதல் ஆண்டிலேயே போட்டியின் சிறந்த இளம் வீரருக்கான விருதை வென்றதோடு, தன் அணியின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான சிட் பார்க்கர் பதக்கத்தையும் பெற்றார். இருவருக்கும் ஊர் திரும்பும் கேள்வியே எழவில்லை. ஊர் அவர்களைச் சுற்றியே இருந்தது.

2023-இல் வீரர்கள் சங்கத்தோடு ஏஎஃப்எல் செய்துகொண்ட புதிய உடன்பாட்டில், முதல் சுற்றில் எடுக்கப்படுகிறவர்களின் தொடக்க ஒப்பந்தம் இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகளாக நீட்டப்பட்டது. கடைசி இடத்து அணிகளுக்கு இன்னும் ஓராண்டு அவகாசம் கிடைத்தது. இளைஞர்களின் கையிலிருந்த அந்த ஒரே பிடி இன்னும் ஓராண்டு தள்ளிப்போனது. அதன்படி வந்த முதல் ஆளே, அந்த ஆண்டின் முதல் தேர்வான ஹார்லி ரீட். விக்டோரியாவின் டொங்காலா என்ற சிற்றூரைச் சேர்ந்த அவரை நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கும் வெஸ்ட் கோஸ்ட் அணி எடுத்தது. அவருடைய முதல் ஒப்பந்தம் 2026 இறுதிவரை எழுதப்பட்டது. அவர் பெர்த்தில் ஆடத் தொடங்கிய முதல் பருவத்திலேயே, எப்போது விக்டோரியாவுக்குத் திரும்புவார் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.